வாரம் 205 பவுண்டு, எல்லாம் அடக்கம்: லீட்ஸில் அந்த விடுதி அறை எடுக்கலாமா? இருந்தவங்க சொல்லுங்க

ஈரோட்டுப் பையன்

வணக்கம். செப்டம்பரில் லீட்ஸ் போறேன், ஒரு வருஷ எம்எஸ்சி. தனியார் மாணவர் விடுதி ஒன்றில் அட்டாச்டு பாத்ரூம் அறை, வாரம் 205 பவுண்டு, 51 வாரம். கரண்ட், தண்ணி, ஹீட்டர், வைஃபை, ஜிம் எல்லாம் அதிலேயே அடக்கம். இன்னொரு பக்கம், சீனியர் ஒருத்தர் லீட்ஸிலேயே ஹைட் பார்க்ங்கிற ஏரியாவில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஓர் அறை காலியாகுது, வாரம் 120, பில் தனிங்கிறார். அப்பா "போற எடத்துல நிம்மதியா இரு, காசைப் பாத்துக்கலாம்"னு சொல்றாரு. அம்மா கேக்கறது ஒண்ணுதான், ரெண்டு இடத்துலயும் அடுப்படி எப்படி?

மழைக்கோட்டு

தம்பி, நான் 2023 செப்டம்பரில் இதே ஊரில் இதே மாதிரி அறையில்தான் இறங்கினேன். வாரம் 189. 51 வாரத்துக்கு 9,639 பவுண்டு. அப்போது பவுண்டு சுமார் 104 ரூபாய், ஆக பத்து லட்சம். எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு வாடகைக்கு இருக்க மாட்டார்கள், மனை வாங்கிப் போடுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டரில் இறங்கி ரயில் பிடித்து லீட்ஸ் வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொன்றரை. தூறல். இரண்டு பெட்டியில் ஒன்றின் சக்கரம் போய்விட்டது. ரிசப்ஷனில் ஆள் இருந்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சாவி அட்டையைக் கொடுத்தார். பத்தாவது நிமிடம் வெந்நீரில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இன்னும் ஆயிரம் பவுண்டு கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் வெறும் மெத்தை. தலையணை இல்லை, போர்வை இல்லை. "எல்லாம் அடக்கம்" என்றால் என்னென்ன அடக்கம் என்று நான் படித்திருக்கவில்லை. வேட்டியை விரித்து, ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் தெரிந்தது, சட்டி பானை தட்டு எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும். துணி துவைக்க ஆப்பில் காசு ஏற்ற வேண்டும், துவைக்க ஒரு தொகை, காய வைக்க ஒரு தொகை. ஹீட்டர் இலவசம்தான். ஆனால் பொத்தானை அமுக்கினால் ஒரு மணி நேரம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். ஜனவரியில் விடிகாலை மூன்று மணிக்குக் குளிரில் எழுந்து அதை அமுக்கிவிட்டுப் படுப்பது ஒரு தினசரி வேலை. ஜிம்முக்கு இரண்டு முறை போனேன், இரண்டாம் முறை குடையை மறந்து வைத்துவிட்டு வந்ததை எடுக்க.

அம்மா கேட்ட அடுப்படி விஷயம். ஆறு பேருக்கு ஒரு கிச்சன். எங்கள் கட்டடத்தில் கிச்சனுக்குள் இருந்தது சூட்டுக்கு அலறும் கருவி, புகைக்கு அலறுவது வெளியே நடையில். அதாவது கிச்சன் கதவு மூடியிருக்கும்வரை தாளிக்கலாம். எனக்கு அது தெரியாது. ஒரு ஞாயிறு சாயங்காலம் காற்று வரட்டும் என்று அரிசி மூட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, எண்ணெயில் கடுகைப் போட்டு, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். கடுகு வெடித்து முடிப்பதற்குள் கட்டடமே அலறியது. எல்லா மாடியும் காலி. தலையில் துண்டோடு ஒரு பெண், செருப்பில்லாமல் ஒரு பையன், இன்னும் நூற்றுச் சொச்சம் பேர் தெருவில். நான் கையில் கரண்டியோடு நின்றேன். யாரும் திட்டவில்லை, ஆனால் எல்லோரும் கரண்டியைப் பார்த்தார்கள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. நான் ஏமாந்தது 51 வாரத்தில். அக்டோபர் முடிவதற்குள் ஊர் பழகிவிட்டது. கிர்க்கேட் மார்க்கெட்டில் எந்த நேரம் காய் மலிவு, எந்த பஸ் எங்கே போகும், எல்லாம் அத்துப்படி. கிளாஸ் பசங்கள் அதே ஊரில் ஹெடிங்லி என்ற பகுதியில் வீடு எடுத்திருந்தார்கள், அங்கே ஓர் அறை, பில்லோடு சேர்த்து மாதம் 510. போகலாம் என்றால் விடுதியில் "உங்களுக்குப் பதிலாக ஓர் ஆளைக் கொண்டு வாருங்கள், அதுவரை வாடகை உங்களுடையது" என்றார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது, அவர்கள் மேல் தப்பில்லை. வருஷ நடுவில் யார் வருவார்கள்? வாட்ஸ்அப் குழு அத்தனையிலும் போட்டேன். ஒருவர் வந்து பார்த்தார், பாத்ரூம் அளவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

வருஷத்துக்கு வித்தியாசம் 3,519 பவுண்டு. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.42. கிட்டத்தட்ட 340 மணி நேரம். விசாப்படி படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அப்படியென்றால் பதினேழு வாரம் தட்டுக் கழுவிய காசு ஒரு பொத்தானுக்கும் ரிசப்ஷனுக்கும் போயிருக்கிறது. எனக்கு அந்த இடம் முதல் மூன்று மாதத்துக்குத் தேவைப்பட்டது. மீதி ஒன்பது மாதம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஐந்தாம் கையெழுத்து

மழைக்கோட்டு அண்ணே, ஹெடிங்லி போகாததுக்கு ரொம்ப வருத்தப்படாதீங்க. நான் அந்த மாதிரி வீட்டுலதான் இருந்தேன். டிசம்பர் பதினெட்டாம் தேதி பாய்லர் போச்சு. ஓனர் ஊர்ல இல்ல. ஆள் வந்தது ஜனவரி ரெண்டாம் தேதி. அதுவரைக்கும் கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு பக்கெட்ல கலந்து, நம்ம ஊர் மாதிரியே சொம்புக் குளியல். சுவத்துல பூஞ்சை வேற.

தம்பி கேக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு. ஒப்பந்தம் ஆளுக்கு ஒண்ணா, அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒண்ணா? எங்களுது ஒரே காகிதத்துல அஞ்சு கையெழுத்து. மார்ச்ல ஒருத்தன் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். அவன் பங்கை நாலு பேரும் சேர்ந்து கட்டினோம், சட்டம் அப்படித்தான். விடுதியில அந்தத் தொல்லை இல்ல, உங்க அறைக்கு மட்டும்தான் நீங்க பொறுப்பு.

அப்புறம் கவுன்சில் டாக்ஸ், அதாவது நம்ம ஊர் நகராட்சி வீட்டு வரி மாதிரி. எல்லாரும் முழுநேர மாணவர்னா வீட்டுக்கு வரி கிடையாது. ஒருத்தர் படிப்பை முடிச்சிட்டு அங்கேயே தங்கி வேலைக்குப் போனா அந்த வீட்டுக்கு பில் வரும், ஒரே ஆள்தான் மாணவர் இல்லேன்னா கால்வாசி தள்ளுபடி, அவ்வளவுதான். செப்டம்பர்ல அந்தக் கவர் வந்தப்ப யார் பிரிக்கிறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம். அட்வான்ஸ் அஞ்சு வார வாடகைக்கு மேல கேட்டா குடுக்காதீங்க, இங்கிலாந்துல 2019 சட்டப்படி அதுதான் உச்சம்.

பின்னிரவு பஸ்

ஆண்கள் கணக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, நான் வேறு கணக்கு சொல்கிறேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன், ஷிப்ட் முடிந்து வரும்போது பல நாள் ராத்திரி பன்னிரண்டைத் தாண்டிவிடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து விடுதி வாசல் நாற்பது அடி, வாசலில் விளக்கு, உள்ளே விழித்திருக்கும் ஓர் ஆள். திருநெல்வேலியில் அம்மா நான் உள்ளே போய்விட்டேன் என்று மெசேஜ் வரும்வரை தூங்க மாட்டாள். அவளுக்கு அது அதிகாலை ஐந்தரை.

நவம்பரில் பக்கத்து அறைக்காரரோடு ஒத்துவரவில்லை. விவரம் வேண்டாம். ஆபீசில் சொன்னேன், நான்கு நாளில் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். ஐந்து பேர் வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? எனக்கு வாரம் 60, 70 கூடக் கொடுத்தது தண்டமாகத் தெரியவில்லை. ஆனால் ஸ்டூடியோ எடுக்காதே தம்பி. கட்டிலும் அடுப்பும் ஒரே அறையில். போர்வையெல்லாம் சாம்பார் வாசனை, பேச்சுத் துணைக்கு ஆளும் கிடையாது.

விருதுநகர் அப்பா

ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம். நான் படிக்கப் போனவன் அல்ல, பணம் கட்டியவன். 2024-ல் என் மகளுக்காக. பிள்ளைகள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

தனியார் விடுதியில் பிரிட்டனிலேயே வசிக்கும் ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்கள். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இல்லையென்றால் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். சலுகை முடியப் போகிறது என்று தினமும் மின்னஞ்சல். பயந்துபோய் ஜூலையில் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினேன். அதே கணக்கைத்தான் விசாவுக்கும் காட்ட வைத்திருந்தேன். அப்போது லண்டனுக்கு வெளியே மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுத் தொகை, 28 நாள் தொடர்ச்சியாக ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். நான் எடுத்ததும் குறைந்துவிட்டது. தங்குமிடத்துக்குத்தானே கொடுத்தோம், கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்திடமே கட்டிய தங்குமிடப் பணத்தை மட்டும்தான் ஒரு வரம்பு வரை கழிப்பார்கள், தனியாருக்குக் கொடுத்தது கணக்கில் வராது. மைத்துனரிடம் வாங்கிப் போட்டு 28 நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். மகள் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள்.

விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். தொலைபேசியில் எல்லோரும் "ஆமாம் சார்" என்றுதான் சொல்கிறார்கள்.

கொடிகாமம்

நான் லெஸ்டரில படிச்சனான். விடுதியுமில்லை, வீடுமில்லை, அம்மாவின்ர சொந்தக்கார அன்ரி வீட்டில அறை. வாடகை ஒரு சதமும் வாங்கேல்லை. சோறு, கறி, வைஃபை எல்லாம் அடக்கம். சனிக்கிழமை பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறது, ஞாயிறு கோயில், சோதனை நேரத்திலயும் வீட்டுக்கு வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி. நான் எத்தினை மணிக்கு வந்தனான் எண்டு யாழ்ப்பாணத்தில அம்மாவுக்கு எனக்கு முதலே தெரியும். இலவசம் எண்டு ஆரும் சொன்னால் ஒருக்கா யோசியுங்கோ. அன்ரி நல்லவ, அது வேற கதை.

ஈரோட்டுப் பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விருதுநகர் ஐயா, நேத்து ராத்திரி அட்வான்ஸ் அனுப்பறதுக்கு அப்பா பேங்க் ஆப்பைத் திறந்துட்டாரு, உங்க பதிவைப் படிச்சதும் மூடிட்டாரு. பல்கலைக்கழக விடுதியிலயே அறை இருக்கான்னு எழுதியிருக்கேன். இல்லேன்னா தனியார்லயே 51-க்குப் பதில் குறைஞ்ச வாரத்துக்குத் தருவாங்களான்னு கேக்கப் போறேன். அப்புறம் அம்மா சார்பா ஒரு கேள்வி, ரைஸ் குக்கர் கொண்டு போலாமா?

மழைக்கோட்டு

பெட்டியில் இடத்தை அடைக்கும், அங்கேயே வாங்கிக்கொள். நம் ஊர் பிளக் அங்கே சேராது. அறைக்குள் வைக்காதே, சோதனைக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கிச்சனில் வை. கதவை மூடிக்கொள்.