வாடகைத் துப்பாக்கியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கலாமா?

ஹாரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறேன். வயது 38. நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்ததால் பிப்ரவரி 22 அன்று ஒரு காட்டுத் திடலில் முதன்முறையாக ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு எதிரணியினரை வெளியேற்றும் விளையாட்டு) விளையாடினேன். மார்ச்சில் மறுபடியும் போனேன். இரண்டு முறையும் வாடகைத் துப்பாக்கிதான். சேறும் குளிரும் உடல்வலியும் போக, இத்தனை ஆண்டுகள் இதைத் தெரியாமலேயே இருந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் மிஞ்சியது.

எனக்கு மூன்று சிக்கல்கள். நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். அதன் மேல் திடலில் தரும் கவசத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் இரண்டும் பனிமூட்டம் போல மங்கிவிடுகின்றன. இரண்டாவது, எதிரணியினர் 40 மீட்டர் தொலைவிலிருந்து என்னைச் சுடுகிறார்கள். என் குண்டுகளோ 25 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடுகின்றன. கூடுதல் வலிமையுள்ள ஸ்பிரிங் பொருத்திய துப்பாக்கியாகப் பார்த்து வாங்கு என்கிறார் நண்பர். என்னால் செலவிட முடிந்தது 300 பவுண்டு. மூன்றாவது, ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் வெளியேறிவிடுகிறேன். யார் சுட்டார்கள் என்பதுகூடத் தெரிவதில்லை. கடைக்காரர் யூகாரா எண் இல்லாவிட்டால் நீல நிறத் துப்பாக்கிதான் தர முடியும் என்றார். அதைப் பற்றியும் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பற்சக்கரம் எழுதியது:

உங்கள் நண்பரின் ஆலோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். குண்டு 25 மீட்டரில் விழுவதற்கு ஸ்பிரிங் காரணமில்லை. இங்குள்ள பெரும்பாலான திடல்களில் காலையிலேயே ஒவ்வொரு துப்பாக்கியையும் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சுட்டுப் பார்க்கிறார்கள். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 350 அடிக்கு மேல் போனால் அந்தத் துப்பாக்கியை உள்ளே விடமாட்டார்கள், அது 1.14 ஜூல் ஆற்றலுக்குச் சமம். உங்களை 40 மீட்டரிலிருந்து சுட்டவரும் அதே வரம்புக்குள் நின்றுதான் சுட்டிருக்கிறார். வலிமையான ஸ்பிரிங் போட்டால் நீங்கள் குரோனோ மேசையிலிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வேறுபாடு ஹாப்-அப் என்ற பாகத்தில் இருக்கிறது. குழலின் தொடக்கத்தில், குண்டின் மேற்புறத்தை லேசாக அழுத்தும் ஒரு சிறு ரப்பர் உண்டு. அது குண்டுக்குப் பின்னோக்கிய சுழற்சியைக் கொடுக்கிறது. சுழலும் குண்டைக் காற்று மேலே தூக்கிப் பிடிப்பதால் அது விழாமல் நேராகப் போகிறது. கிரிக்கெட்டில் பந்து காற்றில் மிதந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே இயற்பியல்தான். எம்4 (அமெரிக்க இராணுவத் துப்பாக்கி) வடிவத் துப்பாக்கியானால், மேலே பின்புறம் உள்ள கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் பக்கவாட்டுத் திறப்பில் ஒரு சிறு சக்கரம் தெரியும். ஒவ்வொரு பல்லாகத் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் குண்டு விழும். அதிகமானால் பாதி வழியில் மேலே எகிறி மரக்கிளைக்குப் போகும். நீண்ட தொலைவு நேராகப் போய், கடைசியில் மட்டும் சற்றே தலைதூக்கித் தணிந்தால் அதுதான் சரியான அளவு. வாடகைத் துப்பாக்கிகளில் இந்தச் சக்கரத்தை யாரும் தொடுவதேயில்லை. முந்தைய வாரம் விளையாடியவர் எப்படி விட்டுப் போனாரோ அப்படியேதான் உங்கள் கைக்கு வருகிறது. எந்த எடைக் குண்டில் விளையாடப் போகிறீர்களோ அதை வைத்தே சரிசெய்யுங்கள். காட்டில் 0.20ஐ விட 0.28 நல்லது, காற்று வீசினாலும் அதிகம் விலகாது.

இனி 300 பவுண்டைப் பற்றி. முதல் 80 பவுண்டை முகத்துக்குச் செலவிடுங்கள். கண்கவசத்தில் இஎன்166 என்ற தரக்குறியும், அதனோடு எஃப் அல்லது பி என்ற எழுத்தும் பொறித்திருக்கும். எஃப் என்றால் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும் என்று பொருள். அந்த எஃகுக் குண்டின் எடை 0.86 கிராம் என்பதால் கணக்குப் போட்டால் 0.87 ஜூல்தான் வருகிறது. நம் திடல் வரம்பே 1.14 என்றேனல்லவா? ஆகவே பி வேண்டும். அது 120 மீட்டர் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது, 6 ஜூலுக்கு மேல். எழுத்து கண்ணாடியில் மட்டுமல்லாமல் சட்டகத்திலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மங்கலுக்கு, இரட்டைக் கண்ணாடித் தகடு கொண்ட முழுமுகக் கவசம்தான் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு ஏற்றது. கம்பி வலைக் கவசம் மங்கவே மங்காது என்று பலர் பரிந்துரைப்பார்கள். மட்டமான குண்டு மரத்தில் பட்டு உடைந்தால் அதன் சிதறல் வலைக்கண் வழியே உள்ளே வரும். அதனால் கண்ணுக்கு வலையை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாய்க்கும் பல்லுக்கும் வலை போதும்.

மிச்சமுள்ள பணத்தில் சாதாரண மின்சாரத் துப்பாக்கி ஒன்றும், 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) மின்கலமும், அதற்குரிய பேலன்ஸ் சார்ஜரும், தீப்பிடிக்காத பையும் வாங்கிவிடலாம். ஜப்பானின் டோக்கியோ மாருய் 1991இல் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சு இராணுவத் துப்பாக்கியின் வடிவில் முதல் மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் மாருயின் கியர்பாக்ஸ் அமைப்பையே பின்பற்றியதால் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 11.1 வோல்ட் போட்டால் வேகமாகச் சுடும் என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். மாஸ்ஃபெட் (விசைக்குப் பதிலாக மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணுச் சுவிட்ச்) இல்லாத துப்பாக்கியில் அதைப் போட்டால் விசையின் தொடுமுனைகள் கருகிப்போகும். நான் கருக்கியிருக்கிறேன்.

ஞாயிறு மார்ஷல் எழுதியது:

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யூகாரா என்பது உரிமம் அன்று. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், பார்வைக்கு உண்மைத் துப்பாக்கி போலவே இருக்கும் போலித் துப்பாக்கிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்கிறது. ஏர்சாஃப்ட் விளையாடுவோருக்கு விற்றால் மட்டும் விற்பவர் தம் தரப்பு நியாயமாக அதைச் சொல்லலாம் என்று 2007ஆம் ஆண்டின் விதிகள் இடம் கொடுத்தன. வாங்குபவர் உண்மையிலேயே விளையாடுபவர்தானா என்று கடைக்காரர் சரிபார்ப்பதற்காகச் சில்லறை விற்பனையாளர் சங்கம் வைத்திருக்கும் பதிவேடுதான் யூகாரா. அதில் சேர, காப்பீடுள்ள திடலில் குறைந்தது மூன்று ஆட்டங்கள், 56 நாட்களுக்குக் குறையாத கால இடைவெளியில் விளையாடியிருக்க வேண்டும். உங்கள் முதல் ஆட்டம் பிப்ரவரி 22 என்பதால் மூன்றாவது ஆட்டத்தை ஏப்ரல் 19ஆம் தேதிக்கோ அதற்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஒரு வாரம் முன்னதாகப் போய்விட்டு, பதிவுக்கு நான்காவது ஆட்டம் வரை காத்திருந்தவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

அதுவரை பொறுமையில்லையென்றால் பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் பூசிய துப்பாக்கியை, 18 வயது நிறைந்தவர் என்ற சான்றை மட்டும் காட்டி வாங்கலாம். ஆனால் பதிவு கிடைப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கறுப்பு வண்ணம் அடித்துவிடாதீர்கள். உண்மைத் துப்பாக்கி போல மாற்றுவதும் அதே சட்டத்தின் கீழ் குற்றமாகும். ஆற்றல் வரம்பும் சட்டத்திலேயே இருக்கிறது. 2017இல் வந்த திருத்தத்தின்படி தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூலும் உச்சம். அதைத் தாண்டினால், உண்மைத் துப்பாக்கிகளுக்கான சட்டத்திலிருந்து ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு உள்ள விலக்கை அது இழந்துவிடும். பற்சக்கரம் சொன்ன ஸ்பிரிங் விஷயத்தில் நீங்கள் விளையாடக் கூடாததற்கு இது இன்னொரு காரணம்.

பொது இடத்தில் நியாயமான காரணமில்லாமல் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம்தான். வீட்டிலிருந்து திடலுக்கு மூடிய பையில், மின்கலத்தைக் கழற்றி, மேகசினைத் தனியாக வைத்துக் கொண்டுபோங்கள். வழியில் பெட்ரோல் நிலையத்தில் இறங்கும்போது இராணுவச் சட்டையின் மேல் சாதாரண ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது; அங்கே நிற்பவருக்கு நாம் விளையாடப் போகிறோம் என்று எப்படித் தெரியும்?

மங்கிய கண்ணாடியைத் துடைக்க ஆட்டக்களத்துக்குள் கவசத்தைத் தூக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கியிருந்தால் இனி வேண்டாம். கையை உயர்த்திக்கொண்டு, யாரும் சுடக் கூடாத பகுதியான சேஃப் சோனுக்கு நடந்து வந்து துடையுங்கள். யாருடைய கவசமாவது கழன்றதைக் கண்டால் பல திடல்களில் “பிளைண்ட் மேன்” என்று கத்துவோம். அந்தக் குரல் கேட்ட நொடியில் எல்லோரும் சுடுவதை நிறுத்த வேண்டும்.

நெடுந்தீவான் எழுதியது:

நான் இரண்டு நிமிட மரணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை எதிரணிக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாடகைத் துப்பாக்கியோடு தரும் பெரிய மேகசினில் 300 குண்டுகளுக்கு மேல் தளர்வாகக் கிடக்கும். நீங்கள் ஓடும்போது அது சில்லறை போட்ட உண்டியலைப் போலக் குலுங்கும். அடியிலுள்ள சக்கரத்தைச் சுழற்றும் ஓசை 20 மீட்டருக்குக் கேட்கும். 120 குண்டு கொள்ளும் மிட்கேப் மேகசின் நான்கு வாங்குங்கள். துப்பாக்கியை மாற்றுவதை விட இது உங்கள் ஆட்டத்தை அதிகம் மாற்றும்.

அடுத்தது, தொலைவில் இருப்பவருக்கு ஏர்சாஃப்ட் குண்டு போய்ச்சேர நேரமாகும். 50 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. எதிராளி சுடும் ஓசையைக் கேட்டு ஓரடி நகர்ந்தாலே தப்பிவிடலாம். அதே காரணத்தால் ஓடுபவரை நேராகக் குறிவைத்தால் உங்கள் குண்டு அவருக்குப் பின்னால்தான் போகும். ஓர் இலை போதும் குண்டின் பாதையைக் கெடுக்க. ஆகவே புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இலைகளின் ஊடாகச் சுடுவதில் பயனில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, இடைவெளி தெரியும் இடமாகப் பார்த்து, முட்டியிட்டுச் சுடுங்கள். ஒரே மரத்தின் ஒரே பக்கத்திலிருந்து இரண்டாம் முறை தலையை நீட்டாதீர்கள். உங்களைச் சுட்டவர் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். ஒருவர் நகரும்போது மற்றவர் சுட வேண்டும். மேகசின் மாற்றுகிறேன் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஐந்து பேரும் தமிழர்கள் என்பதால் எதிரணிக்குப் புரியாது என்ற துணிவில் தமிழிலேயே கத்துவோம். சென்ற இலையுதிர்காலத்தில் கென்ட் பக்கத்துத் திடல் ஒன்றில், “இடப்பக்கம் ஒருத்தன் வாறான், பாத்துக்கொள்” என்று நான் கத்தினேன். எனக்குப் பின்னாலிருந்த மரத்தட்டுகளின் மறைவிலிருந்து, “அண்ணை, அவன் சும்மா வாறான், நான்தான் வந்திட்டன்” என்று ஒரு குரல். முதுகில் இரண்டு குண்டு. அவர் இப்போது எங்கள் குழுவின் ஆறாவது ஆள்.

குண்டு பட்டும் படாதது போல ஓடுபவர்களைச் சந்திப்பீர்கள். கோபப்பட்டு மறுபடி மறுபடி சுடாதீர்கள். தடித்த சட்டையில் 40 மீட்டர் கடந்து வந்த குண்டு படுவது உண்மையிலேயே தெரியாது. சந்தேகமிருந்தால் ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடம் சொல்லுங்கள். உங்கள் மேல் பட்டால் கையை உயர்த்தி, சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வாய்பேசாமல் திரும்பி நடங்கள்.

ஹாரோவாசி கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். என் தாயார் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தே வெளியேறியவர். நான் துப்பாக்கியைக் கூடத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் தேநீரோடு உள்ளே வந்து, பேசாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அந்தப் பை காரின் பின்பெட்டியிலிருந்து நேராகக் கராஜுக்குப் போகிறது.

ஹாரோவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஏப்ரல் 12க்குப் பதிவு செய்திருந்த ஆட்டத்தை 19க்கு மாற்றிக்கொண்டேன். அன்று விளையாடி, யூகாரா பதிவுப் படிவத்திலும் கையொப்பம் வாங்கிவிட்டேன். முழுமுகக் கவசம் மதியம் வரை ஒருமுறைகூட மங்கவில்லை. அன்றும் வாடகைத் துப்பாக்கிதான். காலையில் பற்சக்கரம் சொன்ன சக்கரத்தைத் தேடிப்பிடித்து ஏழு பல் திருப்பிய பிறகு, முன்பு தரையில் விழுந்த குண்டுகள் திடல் ஓரத்துத் தகரப் பலகையில் டங்கென்று பட்டன. மார்ஷல் ஐயா, கவசத்தை ஒருமுறை தூக்கினேன்; திட்டும் வாங்கினேன். இரண்டு நிமிடம் இப்போது பதினொரு நிமிடமாகியிருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. நண்பர் தமது பழைய எம்4 ஒன்றைத் தருகிறார். அதில் டாமியா என்ற வகை மின் இணைப்பு முனை இருக்கிறது. நான் வாங்கிய லிப்போவில் டீன்ஸ் என்ற வேறு வகை முனை. இடையில் ஒரு மாற்றி போட்டால் போதுமா?

பற்சக்கரம் எழுதியது:

மாற்றி போட்டால் வேலை செய்யும்; ஆனால் மின்கலம் வைக்கும் பின்கட்டைக்குள் இடம் இருக்காது, கம்பி மடங்கி நசுங்கும். துப்பாக்கிப் பக்கத்து முனையை டீன்ஸாக மாற்றி ஈயத்தால் பற்றவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை மின்கலத்தை இணைக்காதீர்கள். என்றாவது மின்கலப் பக்கத்து முனையை மாற்ற நேர்ந்தால் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஒரே வெட்டில் சேர்த்து நறுக்கக் கூடாது. கத்தரியின் உலோகமே இரண்டையும் இணைத்துவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் காப்புக்குழாய் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.