சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பழக்கங்கள்: கையால் செய்து பார்க்க என்ன கொடுக்கலாம்?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
வணக்கம். என் வகுப்பில் எல்லோரும் எட்டு வயதுப் பிள்ளைகள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் போஸ்டர் வரைகிறார்கள், 'நீரைச் சேமிப்போம்' என்று ஒரே குரலில் சொல்கிறார்கள், அடுத்த வாரமே கை கழுவிவிட்டுக் குழாயைப் பாதி மூடியபடி ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை, வாயால் சொன்னது இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதிகச் செலவில்லாமல், ஒரே நாளில் முடிந்துவிடாமல் என்ன செய்யலாம்? வகுப்புக்கு வெளியே கொஞ்சம் மண்தரை இருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க முடியும்.

அறிவியல் வாத்தியார்:
அந்தக் குழாயிலிருந்தே ஆரம்பியுங்கள் டீச்சர். சொட்டுகிற குழாயின் அடியில் பாத்திரம் வைத்துப் பத்து நிமிடம் விட்டு, சேர்ந்த தண்ணீரைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி சேர்ந்திருந்தால் ஒரு நாளைக்கு 7 லிட்டருக்கு மேல் வரும். கணக்கை நீங்களே போட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் அந்த 7 லிட்டரை வாளியில் நிரப்பி எல்லோரும் தூக்கிப் பார்க்க வேண்டும், அப்புறம் செடிக்கு ஊற்றிவிடலாம். எண் மறந்துபோகும், வாளியின் கனம் மறக்காது.

மண்தரை இருப்பதால் புதைத்துப் பார்க்கும் சோதனையையும் செய்யுங்கள். ஒரு இலை, பழத்தோல், செய்தித்தாள் துண்டு, பருத்தித் துணி, பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றையும் தனிக் குழியில் ஒரே ஆழத்தில் புதைத்து, பக்கத்தில் பெயர் எழுதிய குச்சி நட்டு, மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டலாம். தோண்டுவதற்கு முன்னால் எது என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாதிப் படிப்பு அதில்தான் இருக்கிறது. பழத்தோலைத் தேடினாலும் கிடைக்காது, பிளாஸ்டிக்கைக் கழுவினால் புதைத்த அன்று இருந்தபடியே இருக்கும். மட்கும் குப்பைக்கும் மட்காத குப்பைக்கும் ஏன் தனித்தனித் தொட்டி என்று அதற்குமேல் நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
ஒரு வேண்டுகோள். 'வேண்டாத பொருளில் கைவினை' என்று பாட்டிலை வெட்டி, பசை தடவி, பளபளப்புத் தூள் ஒட்டி வரச் சொல்லாதீர்கள். சும்மா இருந்தால் மறுசுழற்சிக்குப் போயிருக்கும் பாட்டில் அதற்கும் உதவாமல் போகிறது, சில வீடுகளில் இதற்காகவே புதுப் பொருள் வாங்குகிறார்கள். ஒரு பக்கம் எழுதிய தாள்களைச் சேர்த்துத் தைத்து, வகுப்புக்கே கணக்குப்போடும் நோட்டு செய்தால் அது தினமும் பயன்படும்.

இன்னொன்று, இந்த வயதில் பயமுறுத்த வேண்டாம். நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுகளைப் பற்றிப் பேசாதீர்கள் என்று டேவிட் சோபல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990களிலேயே சொன்னார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. பூமி அழியப்போகிறது என்று கேட்ட குழந்தை தன்னால் என்ன முடியும் என்று ஒதுங்கிவிடும், ஆனால் எறும்பும் மண்புழுவும் பழகிவிட்ட குழந்தை தானாகவே பார்த்து நடக்கும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
நன்றி, புதைக்கும் சோதனையை அடுத்த வாரமே தொடங்குகிறேன். உரத்தொட்டி வைக்கவும் ஆசை, ஆனால் நாற்றம் வந்தால் உடனே எடுக்கச் சொல்லிவிடுவார்கள். விடுமுறையில் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மாடித்தோட்டம்:
ஈரம் கூடிக் காற்றுப் புகாமல் போனால்தான் நாறும். ஒரு பங்கு காய்கறி, பழத்தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு போடுங்கள், தொட்டியில் பக்கவாட்டில் துளைகள் இருக்கட்டும், வாரம் ஒருமுறை கிளறுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். சமைத்தது, எண்ணெய்ப் பண்டம், பால், இறைச்சி எதுவும் வேண்டாம். மீறி வாடை வந்தால் இன்னும் சருகு சேர்த்துக் கிளறினால் அடங்கிவிடும்.

சருகு போட ஒரு குழு, கிளற ஒரு குழு என்று வாராவாரம் மாற்றுங்கள், பெயர்ப்பட்டியல் சுவரில் இருந்தால் அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க மறக்காதீர்கள். விடுமுறைக்குக் கவலை வேண்டாம், புதிதாக எதுவும் போடாமல் மேலே கனமாகச் சருகு மூடிவிட்டுப் போங்கள். காய்ந்துபோனால் மட்குவது மெதுவாகும், கெட்டுப்போகாது, திரும்பி வந்து தண்ணீர் தெளித்துக் கிளறினால் மறுபடி வேலை தொடங்கிவிடும்.