கறிவேப்பிலை தந்த விடை

ஒட்டுசுட்டானிலிருந்து:

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் வளவில் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் பெருகிவிடும். பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக அமைந்ததைக் கறிவேப்பிலை அழகி என்றும், முன்னிறகில் வெண்பட்டையும் பின்னிறகில் செம்பொட்டுகளும் கொண்டதைச் சிவப்புடல் அழகி என்றும் மூன்று ஆண்டுகளாகக் கொப்பியில் தனித்தனியே எழுதி வந்தேன்.

ஒரு நாட்காலை, கிணற்றடிக் கறிவேப்பிலைக் கன்றில் செம்பொட்டுக்காரி ஒன்று படபடத்தபடியே வயிற்றை வளைத்து, இலைக்கொன்றாக முட்டையிடுவதைக் கண்டேன். சிவப்புடல் அழகியின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகளையே தின்பவை. அந்தக் கொடிகளின் நஞ்சு உடலில் சேர்வதால்தான் பறவைகள் அதனைத் தொடுவதில்லை. அப்படியிருக்க, கறிவேப்பிலையில் இதற்கு என்ன வேலை?

ஆறு முட்டைகளை இலையோடு கொய்து, வாய்க்கு வலைத்துணி கட்டிய போத்தலில் வைத்தேன். பறவை எச்சம்போலத் தோன்றிய புழுக்கள் பின்னர் பச்சை நிறமாகின. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவர்க்கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் காரமான வாடை வீசின. ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாள்களில் நான்கு பூச்சிகள் வெளிவந்தன. இரண்டு வெண்பொட்டு ஆண்கள்; மற்ற இரண்டும் தாயைப் போன்ற செம்பொட்டுப் பெண்கள். இறகு உலரும்வரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதுதான் உடலைப் பார்த்தேன். அது முழுக் கறுப்பு. உண்மையான சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பாக இருக்கும். என் செம்பொட்டுக்காரி, அந்த நச்சுப் பூச்சியின் கோலத்தைப் போர்த்திய கறிவேப்பிலை அழகிப் பெண்தான். பெயரிலேயே இருந்த அடையாளத்தை விட்டுவிட்டு நான் இறகையே பார்த்திருந்தேன்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயசும் 1758இல் இந்த ஒரே இனத்துக்குப் போலிடெசு, பம்மன் என இரு பெயர்களை இட்டார். வெவ்வேறு கோலத்துப் பெண்கள் ஓரினமே என்பதை இயற்கை ஆய்வாளர் வாலசு 1865இல் விளக்கினார். பெண்ணின் இந்தக் கோலத்தைத் தீர்மானிப்பது டபுள்செக்சு என்ற மரபணு என்பது 2014இல் தெரியவந்தது. என் பழைய பதிவுகளில் உடல் நிறம் குறிக்கப்படாதவற்றை எல்லாம் அடித்துவிட்டேன். மனம் நொந்தது; ஆனாலும் ஐயமான பதிவை வைத்திருப்பது தவறு.

மன்னாரிலிருந்து:

அக்கா, எனக்கும் இதுபோல ஒன்று நேர்ந்தது. கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் நண்பகல் வெயிலில், மஞ்சள் வளையமிட்ட உடலோடு புல்லின்மேல் மெல்லப் பறந்ததைக் குளவி என்று விலகி நடந்தேன். அது புல்நுனியில் அமர்ந்தபோது, கண்ணாடிபோன்ற திட்டுகள் கொண்ட இறகில் செதில்கள் தெரிந்தன. செதில் இருந்தால் குளவியாகாது. பகலில் பறப்பதால் வண்ணத்துப்பூச்சியோ என்று எண்ணி உணர்கொம்பைப் பார்த்தேன்; வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல நுனியில் குமிழ் இல்லாமல் நூல்போல முடிந்தது. அது பகலில் திரியும் அந்துப்பூச்சி. அன்றிலிருந்து, பறக்கும் நேரத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.