மூன்று வயது தாண்டிய பெட்டா தரையிலேயே படுத்துக்கிடக்கிறது: நோயா, முதுமையா?

நீலவால்:

வணக்கம். என் பெட்டா மீன் நீலனுக்காகக் கேட்கிறேன். அவன் என்னிடம் வந்து 2 ஆண்டு 8 மாதம் ஆகிறது. வரும்போதே வால் முழுதாக விரிந்த ஆண் மீன். இரண்டு வாரமாகத் தொட்டித் தரையிலேயே படுத்துக்கிடக்கிறான். மூச்செடுக்க மட்டும் மேலே வருகிறான். அதற்கே அவன் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. மேலே வந்த கையோடு கல்லைப் போட்டது போல இறங்கிவிடுகிறான். தீனி போட்டால் ஆசையாக வாயைத் திறக்கிறான், ஆனால் குருணை இருக்கும் இடத்துக்கு அரை விரற்கடை தள்ளிக் கவ்வுகிறான். சில மாதங்களாகவே முதுகு கூன் விழுந்துவருகிறது. தலைப்பக்கம் நீலம் போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது.

தொட்டி 20 லிட்டர், ஹீட்டர் 26 டிகிரியில் இருக்கிறது. ஃபில்டர் தள்ளும் நீரில் தடுமாறினான் என்பதால் மூன்று வாரத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் மாற்றினால் மிரள்வானே என்று ஒரு மாதமாக அதையும் செய்யவில்லை. பாக்டீரியாவுக்கான மருந்து ஒரு பாட்டில் கையில் இருக்கிறது. இன்றிரவே ஊற்றலாமா?

மழைத்துளி:

என் மீன் இப்படிக் கிடந்தபோது கொஞ்சம் கல்லுப்பு போட்டேன். மறுநாளே எழுந்து நீந்தியது. செய்து பாருங்கள்.

பாசிக்குளம்:

மருந்தும் வேண்டாம், உப்பும் வேண்டாம், இன்றிரவு எதையும் ஊற்றாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதித்து அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமிலத்தன்மை அளவு) நான்கையும் சொல்லுங்கள்.

ஆண் பெட்டாக்கள் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வளர்ந்த பிறகே விற்பனைக்கு வருகின்றன. எனவே நீலனுக்கு மூன்று வயது கடந்திருக்கும். நல்ல பராமரிப்பில் இவை வாழ்வதே மூன்று, நான்கு ஆண்டுகள்தான். கூன், மங்கிய நிறம், குறி தவறுவது எல்லாம் கிழ மீனுக்கு மாதக்கணக்கில் மெல்ல வருபவை. இரண்டே வாரத்தில் தரையோடு தரையாகிவிட்டான் என்பதுதான் என்னை உறுத்துகிறது. முதுமை இவ்வளவு அவசரமாக வராது. ஃபில்டர் நின்றதையும் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

மீனின் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இல்லாவிட்டால் அவை மடிந்துபோகும். நீங்கள் வைத்திருக்கும் மருந்து, மிச்சமிருப்பவற்றையும் கொன்றுவிடக்கூடும்.

மழைத்துளி, உங்கள் தொட்டியில் அப்போது நைட்ரைட் ஏறியிருந்தால் உப்பு உண்மையாகவே உதவியிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். காரணம் தெரியாமல் ஒரு கிழ மீனின் தொட்டியில் போட மட்டும் எனக்கு மனம் வராது. அதன் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம்.

நீலவால்:

அக்கா, சோதித்துவிட்டேன். அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0.25, நைட்ரேட் 80க்கு மேல், பிஎச் 6.2. படித்ததும் கை நடுங்கிவிட்டது. அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தண்ணீர் முழுவதையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?

பாசிக்குளம்:

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பிஎச் 6.2 என்பதால் அந்த அம்மோனியாவில் ஏறக்குறைய எல்லாமே அம்மோனியம் என்ற நிலையில் இருக்கிறது. அதன் நச்சு மிகக் குறைவு. நீலன் இன்னும் உயிரோடு இருக்க இதுவும் ஒரு காரணம். நெடுநாள் மாற்றாத தண்ணீரில் பிஎச் இப்படி இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் அநேகமாக 7க்கு மேல் இருக்கும். ஒரேயடியாக மாற்றினால் பிஎச் சட்டென்று ஏறி, மிச்சமிருக்கும் அம்மோனியம் கொடிய அம்மோனியாவாக மாறும். "தண்ணீர் மாற்றினேன், மறுநாள் செத்துவிட்டது" என்று பலர் அழுவதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

இன்று இரண்டு லிட்டர் மட்டும் எடுங்கள். நாளையிலிருந்து தினமும் மூன்று லிட்டர். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து, தொட்டியின் அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டவிடுங்கள். கிழ மீனுக்கு ஒரு டிகிரி மாற்றம்கூடப் பெரிய காரியம். தரையில் அழுகும் தீனியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். குறி தவறிய குருணை அத்தனையும் அங்கேதான் கிடக்கிறது.

ஃபில்டரை அப்படியே ஓடவிட்டுவிடாதீர்கள், உள்ளே தேங்கிய அழுக்கு தொட்டியில் கொட்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். புது ஃபில்டரைப் போலவே அதில் பாக்டீரியாக்கள் மீண்டும் பெருகச் சில வாரங்கள் ஆகலாம், அதுவரை இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனை. வேகம்தான் தொல்லை என்றால் நீர் விழும் வாயில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகுங்கள், நீரோட்டம் சாதுவாகிவிடும். காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு ஃபில்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மழைத்துளி:

நாட்டு வாதுமை இலை போடலாமா? நோய்க்கு நல்லது என்பார்களே.

பாசிக்குளம்:

பிறகு போடலாம். அதன் சாயம் நீரைச் சற்று அமிலமாக்கும். 6.2இல் இருக்கும் தொட்டிக்கு இப்போது அது தேவையில்லை. அவ்வளவு அமில நீரில் ஃபில்டர் பாக்டீரியாக்களும் மந்தமாகிவிடும்.

அல்லித்தண்டு:

அக்கா சொன்னதை மாற்ற எதுவும் இல்லை. உடலைப் பற்றி மட்டும் சில கேள்விகள். மேலிருந்து பார்த்தால் செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றனவா? அப்படியானால் உடலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகம் கைவிட்டதன் அடையாளம், மீள்வது அரிது. கண்ணில் வெண்மை தெரிகிறதா, அல்லது கண்ணே பிதுங்கியிருக்கிறதா? பிதுங்காமல் உள்ளே பால் போலத் தெரிந்தால் அது கண்புரை. அது குணமாகாது, ஆனால் அதனால் மீன் சாவதும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உடலில் பொன்தூள் போல ஏதாவது மின்னுகிறதா? அது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி.

கூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது வயதுதான். ஆனால் மீன் காசநோயிலும் முதுகு வளையும், கூடவே நன்றாகத் தின்றும் உடல் வற்றும், புண்கள் தோன்றும். அந்தக் கிருமி மனிதர் கையிலுள்ள காயத்தின் வழியே தோலிலும் தொற்றக்கூடியது. எதுவாக இருந்தாலும், கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வலையை வேறு தொட்டியில் பயன்படுத்தாதீர்கள்.

நீலவால்:

ஐயா, செதில் சமமாகத்தான் இருக்கிறது. புண் இல்லை, பொன்தூளும் இல்லை. இடது கண்ணில் மட்டும் பால் படர்ந்த மாதிரி இருக்கிறது. இத்தனை நாளும் வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று நினைத்திருந்தேன்.

அல்லித்தண்டு:

அப்படியானால் குறி தவறுவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவன் பார்க்கும் பக்கத்திலிருந்து தீனி கொடுங்கள். இடுக்கியின் நுனியில் பிடித்து, வலது கண்ணுக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். குருணையை முதலில் தொட்டி நீரில் ஊறவையுங்கள். வேளைக்கு இரண்டு போதும். வாரத்தில் ஒருநாள் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியைக் கொடுத்தால் மலம் சிக்காது. பட்டாணி கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு, பெட்டா பூச்சி தின்னும் மீன், அதற்கு அது பொருந்தாது.

நீரின் ஆழத்தையும் குறையுங்கள். பெட்டா தலையிலுள்ள லாபிரிந்த் உறுப்பால் காற்றையே நேராகச் சுவாசிப்பதால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறியாக வேண்டும். தளர்ந்த உடலுக்கு அது பெரிய மலையேற்றம். 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். ஆனால் நீர் குறைந்தால் கழிவு சீக்கிரம் செறியும், ஹீட்டரும் நீருக்கு வெளியே தெரியக்கூடாது. அதனால் அம்மோனியா 0 ஆன பிறகே இதைச் செய்யுங்கள். அதுவரை மேற்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே அகலமான இலை ஒன்றை ஒட்டிவையுங்கள், அதில் சாய்ந்துகொண்டே மூச்செடுப்பான். மூடியைத் திறந்துபோடாதீர்கள், மேலே இருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

நீலவால்:

பதினோராம் நாள் எழுதுகிறேன். அம்மோனியா 0.25, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. பிஎச் மெல்ல ஏறி 6.8. ஐந்தாம் நாள் காலையில் விளக்கைப் போட்டபோது நீலன் இலைமேல் படுத்திருந்தான், தரையில் இல்லை! செவுளை விரித்து என்னைப் பார்த்தான். பகலில் பாதி நேரம் இன்னும் படுத்தேதான் இருக்கிறான், கூனும் அப்படியே இருக்கிறது. ஆனால் இடுக்கியைக் கண்டால் எழுந்து வருகிறான்.

இன்னொன்று கேட்க வேண்டும், கேட்கவே மனமில்லை. ஒருநாள் அவன் எழாமலே போனால் என்ன செய்வது?

பாசிக்குளம்:

கேட்டது நல்லது. நாலைந்து நாள் தின்னாமல், பக்கவாட்டில் சாய்ந்து, மூச்சுக்கும் மேலே வர முடியாமல் போனால் அவன் துன்பப்படுகிறான் என்று கொள்ளுங்கள். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் விடுவதே சிறந்தது. இல்லாவிட்டால் கிராம்பு எண்ணெய். தொட்டி நீர் நிறைந்த சிறு கிண்ணத்தில் அவனை வைத்து, வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலந்த சில துளிகளை மெல்ல மெல்ல ஊற்றினால் முதலில் மயங்குவான். முழுதும் மயங்கிய பிறகே அதிக அளவு ஊற்ற வேண்டும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் வெளியே எடுக்கக்கூடாது. உறைபெட்டியில் வைப்பது, கழிவறையில் விடுவது இரண்டும் கொடுமை. அந்த நாள் இப்போது வந்துவிடவில்லை. இப்போதைக்கு அந்த 0.25ஐக் கவனியுங்கள். பிஎச் ஏறிவிட்டதால் அதே அளவு அம்மோனியாவுக்கு இப்போது நச்சு முன்பைவிட அதிகம். நாளை மூன்றுக்குப் பதில் நான்கு லிட்டர் மாற்றுங்கள்.

நீலவால்:

சரி அக்கா, தண்ணீரை இன்றிரவே பிடித்து வைத்துவிடுகிறேன். இலையை மட்டும் அவனுடைய வலது கண் பக்கமாகத் திருப்பி வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஏறும்போது இரண்டு முறை அதைத் தவறவிட்டான்.