அவசரம்: வாங்கினவர் மூண்டு மெயில் போட்டாராம், எனக்கு ஒண்டும் வரேல்ல

முத்திரைப்பெட்டி | செவ்வாய் இரவு 10.52
ஏலத்தில மூண்டு லொட் (தொகுதி) தபால் முத்திரை ஒரே ஆளுக்குப் போச்சுது. அஞ்சு நாளாக் காசு கட்டேல்ல, ரெண்டு லொட்டை ரத்து செய்திட்டன். இப்ப அந்த ஆள் கத்துறார். மூண்டையும் ஒரே பார்சலில போட்டா தபால் செலவு எவ்வளவு எண்டு மூண்டு தரம் மெயிலில கேட்டவராம், நான் பதிலே போடேல்லயாம். எனக்கு ஒண்டும் வரேல்ல. ஸ்பாமிலயும் இல்ல. நேற்று வேற ஒரு ஜீமெயிலில இருந்து ரெஸ்ட் மெயில் போட்டுப் பாத்தன், உடன வருது. அப்ப அவர் பொய் சொல்லுறார்தானே? கெட்ட ஃபீட்பேக் போட முன்னம் என்ன செய்யிறது? அவசரம்.

ஏழாங்குறுக்கு | 11.04
எந்தத் தளம்? உங்கட மெயில் எது, ஜீமெயிலா வேறயா? அவர் எதில இருந்து போட்டவர்? தளத்துக்குள்ள இருக்கிற மெசேஜ் பெட்டியைப் பாத்தனீங்களா? ஒண்டும் சொல்லாம அவசரம் எண்டா எப்பிடி?

கெய்சர்வீதி | 11.10
நானா, ஸ்டோரேஜ் ஃபுல் ஆகியிருக்கும். ஜீமெயில் 15 ஜீபீ தான், அதுக்குள்ள டிரைவும் ஃபோட்டோஸும் சேத்தி. போன்ல எடுக்கிற வீடியோ எல்லாம் அதிலதான் போய் விழுது. ஃபுல்லானா மெயில் திரும்பிப் போயிடும். பத்துக்கு எட்டு கேஸ் இதான்.

பழைய_மோடம் | 11.31
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது? தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எஸ்எம்டிபி, அதாவது மின்மடலைக் கொண்டுசெல்லும் முறை, 1982இல் எழுதப்பட்ட நெறிமுறை. அனுப்பும் சேர்வர் முடிந்தவரை முயலும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் தற்காலிகமாக மறுத்தால் மடல் வரிசையில் நிற்கும், நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். உங்கள் மடல்களும் எங்காவது வரிசையில் நிற்கும். பொறுமையாக இருங்கள். அடிப்படையைப் படித்துவிட்டு வியாபாரம் செய்யுங்கள்.

முத்திரைப்பெட்டி | புதன் காலை 6.40
ஈபே. ஸ்டோரேஜ் 4 ஜீபீ தான். தளத்துக்குள்ள மெசேஜ் பெட்டி எண்டு ஒண்டு இருக்கிறதே இப்பத்தான் பாக்கிறன், அதுக்குள்ள அவற்ற கேள்வி ஒண்டு கிடக்கு!! மற்ற ரெண்டும் அவர் நேர கடை மெயிலுக்குப் போட்டதாம். படத்துக்குக் கீழ நான் விலாசம் போட்டு வைச்சிருந்தன்.

ஏழாங்குறுக்கு | 6.58
கடை மெயிலா? இப்பத்தான் கதை வெளியில வருது. சொந்த டொமைனா? அது ஜீமெயிலுக்கு ஃபோர்வேட் ஆகுதா, அதாவது தானாத் திருப்பி அனுப்புப்படுதா? (படத்துக்குக் கீழ மெயில் விலாசம் போட ஈபே விடாது, முதல்ல அதை எடுங்கோ.)

முத்திரைப்பெட்டி | 7.15
ஓம், டொட் எல்கே டொமைன். ஹோஸ்டிங் கொம்பனி செட் பண்ணித் தந்தது, எல்லாம் ஜீமெயிலுக்கு வரும். ஈபேயில பதிஞ்சதும் அந்த விலாசம்தான். இப்ப யோசிச்சா ஈபே அறிவிப்பும் ரெண்டு மாதமா வரேல்ல. அது ஏதோ செட்டிங் எண்டு நினைச்சன். வாங்கினவர் யாஹூ.

வெள்ளவத்தை_வயர் | 7.44
யாஹூ, ஈபே ரெண்டும் வராம ஜீமெயில் மட்டும் வருதெண்டா காரணம் அனேகமா ஃபோர்வேட். ஊகத்தில சொல்லேல்ல, நீங்களே சரிபார்க்கலாம்.

உங்களுக்கு வந்த ரெஸ்ட் மெயிலைக் கம்ப்யூட்டரில திறந்து, மூண்டு புள்ளியை அமத்தி "அசலைக் காட்டு" குடுங்கோ. மேல எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பேரில அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி எண்ட பட்டியல்), டிகிம் (மெயிலில போடுற கையெழுத்து), டிமார்க் (ரெண்டும் விழுந்தா என்ன செய்யிறது எண்ட கொள்கை) எண்டு மூண்டு வரி வரும். அதை அப்பிடியே இங்க போடுங்கோ. பிறகு சீபேனலுக்குள்ள (ஹோஸ்டிங்கை நடத்துற பக்கம்) போய் ட்ராக் டெலிவரியில (எந்த மெயில் எங்க போச்சுது எண்ட பதிவு) உங்கட கடை விலாசத்தைத் தேடுங்கோ. சிவப்புக் குறி விழுந்த வரியைத் திறந்து, முடிவு எண்ட இடத்தில என்ன எழுதிக் கிடக்கு எண்டும் போடுங்கோ. ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, பழைய பதிவுகள் கனநாள் நிக்காது.

இன்னொண்டு. ரெஸ்ட் பண்ணேக்க, மெயில் வந்து விழுற அதே ஜீமெயிலில இருந்து போடாதேங்கோ. தான் அனுப்பின மெயில் சுத்தித் திரும்பி வந்தா ஜீமெயில் அதை ரெண்டாந்தரம் இன்பொக்ஸில காட்டாது. வரேல்ல எண்டு வீணாப் பயப்படுவியள்.

தெமட்டகொட_பிரவுசர் | 8.20
போர்ட் 25ஐ (மெயில் சேர்வருகள் ஒண்டோட ஒண்டு பேசுற வாசல்) இன்டர்நெட் கொம்பனி ப்ளொக் பண்ணியிருக்கும்.

வெள்ளவத்தை_வயர் | 8.26
வீட்டு லைனில இருந்து மெயில் சேர்வர் ஓட்டினா அது பிரச்சினை. இவர்ட மெயில் சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில போகுது, வீட்டு லைனுக்கு வேலையே இல்ல.

முத்திரைப்பெட்டி | 12.50
எஸ்பிஎஃப் சொஃப்ட்ஃபெயில். டிகிம் நியூட்ரல், பொடி ஹாஷ் (மெயில் உடம்பின்ர கைரேகை மாதிரி) ஒத்துவரேல்லயாம். டிமார்க் ஃபெயில், பக்கத்தில பீ=நன்.
ட்ராக் டெலிவரியில யாஹூ மெயில் ரெண்டும் சிவப்பு: 550-5.7.26, யாஹூ டொமைனின்ர டிமார்க் கொள்கைப்படி உறுதிப்படுத்தாத மெயிலை ஏற்கேலாது எண்டு. ஈபே வரியும் கொஞ்சம் அப்பிடியே.

வெள்ளவத்தை_வயர் | 13.22
பிடிச்சாச்சு.

யாஹூவில இருந்து கிளம்புற மெயில் உங்கட ஹோஸ்டிங் சேர்வருக்கு ஒழுங்கா வருது. அங்க இருந்து ஜீமெயிலுக்குப் போகேக்க, யாஹூ பேரைச் சொல்லிக்கொண்டு வாசலில நிக்கிறது யாஹூ இல்ல, உங்கட ஹோஸ்டிங். யாஹூவின்ர எஸ்பிஎஃப் பட்டியலில அந்தச் சேர்வரின்ர ஐபீ (இலக்க விலாசம்) இல்ல, அதால அது விழுந்திட்டுது. மிச்சம் இருக்கிறது டிகிம் கையெழுத்து. மெயிலில ஒரு எழுத்தும் மாறாட்டி அது ஃபோர்வேட்டைத் தாண்டியும் நிக்கும். உங்கட ரெஸ்ட் மெயிலின்ர அடியில "வைரஸ் சோதிக்கப்பட்டது" எண்ட மாதிரி வரி ஏதும் இருக்கா பாருங்கோ. பொடி ஹாஷ் ஒத்துவரேல்ல எண்டா நடுவில ஆரோ உடம்பில கை வைச்சிருக்கினம்.

ரெண்டும் விழுந்தா டிமார்க் ஃபெயில். அதுக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு அனுப்பின டொமைன்தான் சொல்லும். யாஹூ 2014 ஏப்ரலில இருந்து "நிராகரி" எண்டு போட்டிருக்கு. ஜீமெயில் தன்ர டொமைனுக்கு "நன்" (நீங்கள் பாத்த பீ=நன்) எண்டுதான் போட்டிருக்கு, அதாவது ஒண்டும் செய்யாதே. அதாலதான் உங்கட ரெஸ்ட் மெயில் உள்ளுக்கு வந்தது. பிழையான மெயிலால ரெஸ்ட் பண்ணிச் சரி எண்டு நினைச்சிட்டியள்.

ஸ்பாமில தேடியும் பயனில்ல. வாசலில திருப்பினது ஸ்பாமுக்குள்ளயும் வராது.

பழைய_மோடம் | 13.40
அப்படியானால் அனுப்பியவருக்குத் தோல்வி மடல் போயிருக்க வேண்டுமே? அவர் ஏன் சொல்லவில்லை?

வெள்ளவத்தை_வயர் | 13.51
போயிருக்கும். ஆனா அதை அனுப்பினது அவர் கேள்விப்படாத ஒரு ஹோஸ்டிங் சேர்வர். உள்ளுக்க இருக்கிறது அவர் எழுதவே இல்லாத ஒரு ஜீமெயில் விலாசம். ஆர் பாத்தாலும் குப்பை எண்டுதான் நினைப்பினம், யாஹூவே ஸ்பாமில போட்டிருக்கவும் கூடும். மற்றது, நீங்கள் சொன்ன வரிசை 4இல தொடங்கிற பிழைக்குத்தான். 550 நிரந்தர மறுப்பு, திரும்ப முயலாது. நாலு நாள் காத்திருந்தா நாலு நாள் போயிருக்கும்.

சட்டப்புத்தகம் | 14.15
எப்பிடியோ அவர் அனுப்பியாச்சு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இங்க இருக்கு, 2017இல திருத்தமும் வந்தது. அனுப்பின நேரம், கிடைச்ச நேரம் ரெண்டையும் அது சொல்லுது. விலாசம் குடுத்தது விற்கிறவர், அவற்ற சேர்வர் வாங்கி வைச்சிட்டுது. கிடைச்ச மாதிரித்தான்.

ஏழாங்குறுக்கு | 14.30
சேர்வர் வாங்கிப்போட்டு வெளியில தள்ளிட்டுது, பெட்டியில வைக்கவே இல்ல. எடுத்துப் பாக்க ஏலாத மெயில் எப்பிடிக் கிடைச்சதாகும்?

சட்டப்புத்தகம் | 14.38
ஃபோர்வேட் போட்டது ஆர்? தபால்காரன் கொண்டுவந்ததை உங்கட வீட்டு வேலையாள் எறிஞ்சா தபால்காரன் பொறுப்பா?

கெய்சர்வீதி | 14.45
இதுக்குத்தான் சொல்றது, வட்ஸ்அப்பில பேசி முடிங்க. நீல டிக் விழுந்தா பாத்தாச்சு, கதை முடிஞ்சி.

ஏழாங்குறுக்கு | 14.52
நீல டிக்கை நிப்பாட்டி வைக்கலாம். அதோட ஈபேயில நம்பர் மாத்திக்கொள்ள விடாது. வெளியில பேசி வெளியில காசு வாங்கினா வாங்கிறவருக்குத் தளத்தின்ர பாதுகாப்பு இல்ல, எந்த வெளிநாட்டுக்காரன் அதுக்கு வருவான்?

சட்டப்புத்தகம் | 15.05
ஒரு முத்திரைக்கு ஆரும் புதுக்கடைக் கோர்ட்டில வழக்குப் போட மாட்டினம். நான் கொள்கையைத்தான் சொன்னன்.

முத்திரைப்பெட்டி | 16.10
அண்ணாமாரே, சண்டையை விடுங்கோ. கீழ வைரஸ் வரி இருக்கு. இப்ப நான் என்ன செய்யிறது?

வெள்ளவத்தை_வயர் | 16.48
முதல் வேலை: ஈபேயில பதிஞ்ச விலாசத்தை நேர ஜீமெயிலுக்கு மாத்துங்கோ, உறுதிப்படுத்துற குறியீடு அங்கதான் வரும். இது பத்து நிமிசம். அறிவிப்பு வந்தாலும் வராட்டியும் நாளுக்கு ரெண்டு தரம் தளத்துக்குள்ள மெசேஜ் பெட்டியைத் திறக்கிறது தனி வேலை, மறக்காதேங்கோ.

கடை விலாசத்துக்கு: சீபேனலில மெயில் பெட்டி உண்மையில இருக்கா எண்டு பாத்து, இல்லாட்டி முதல்ல உருவாக்கிப்போட்டு, பிறகு ஃபோர்வேடரை அழியுங்கோ. வரிசை மாறிச் செய்தா இடையில வாற மெயில் "அப்பிடி ஒரு ஆள் இல்ல" எண்டு திரும்பும். போனில ஐமாப் கணக்காச் (மெயிலைச் சேர்வரிலயே வைச்சுப் படிக்கிற முறை) சேருங்கோ: உள்வாறதுக்கு போர்ட் 993, வெளிய போறதுக்கு 465, ரெண்டும் எஸ்எஸ்எல். பிறகு யாஹூவில ஒரு கணக்கைத் திறந்து அதில இருந்து ரெஸ்ட் பண்ணுங்கோ.

ஃபோர்வேட்தான் வேணும் எண்டா ஹோஸ்டிங்காரரிட்ட அந்த அடி வரியை நிப்பாட்டச் சொல்லுங்கோ. டிகிம் உயிரோட வந்தாலே டிமார்க் பாஸ். சிலர் எஸ்ஆர்எஸ் (ஃபோர்வேட் பண்ணேக்க உறையில இருக்கிற அனுப்பினவர் விலாசத்தை உங்கட டொமைனுக்கு மாத்தி எழுதுறது) போட்டுத் தாறம் எண்டுவினம். அது எஸ்பிஎஃப்பை பாஸாக்கும், ஆனா உங்கட டொமைன் பேரில. டிமார்க் கேக்கிறது அனுப்பினவர்ட பேர், அதால இந்த நோய்க்கு அது மருந்தில்ல.

ஏழாங்குறுக்கு | 17.05
வாங்கினவருக்கு: தளத்துக்குள்ளயே பதில் போடுங்கோ, மெயிலில வேண்டாம். ட்ராக் டெலிவரிப் படத்தில ஜீமெயில் விலாசத்தை மறைச்சிட்டு, "நீங்கள் அனுப்பினது உண்மை, என்ர பக்கம் திருப்பிட்டுது" எண்டு ரெண்டு வரி. நாள் கணக்கில மோதாதேங்கோ. அவர் இருக்கிற லண்டனில இப்ப கோடை நேரம், நாலரை மணித்தியால வித்தியாசம். அவர் 3ஆம் திகதி இரவு 8.15க்குப் போட்டது எங்களுக்கு 4ஆம் திகதி சாமம் 12.45. ரெண்டு பேரும் சரி.

ஈபேயில காசு கட்ட நாலு நாள், அதுக்குப் பிறகு நீங்கள் ரத்து செய்தது விதிப்படி சரிதான். ஆனா அவர் கேள்வி கேட்டுக் காத்திருந்த ஆள். மிச்சம் இருக்கிற லொட்டை ரத்து செய்யாம, சரியான தபால் செலவோட இன்வொய்ஸ் அனுப்புங்கோ. 2008இல இருந்து விற்கிறவர் வாங்கிறவருக்குக் கெட்ட ஃபீட்பேக் போட ஏலாது. அடி எப்பவும் உங்களுக்குத்தான்.

பழைய_மோடம் | 17.30
நான் முதலிலேயே சொன்னேன், அடிப்படை தெரியாமல் ஃபோர்வேட் போடக்கூடாது என்று.

ஏழாங்குறுக்கு | 17.33
எங்க சொன்னனீங்கள்?

முத்திரைப்பெட்டி | சனி காலை 9.12
சரி வந்திட்டுது. யாஹூ ரெஸ்டும் வந்தது. ஆள் மூண்டாவது லொட்டுக்குக் காசு கட்டிட்டார், மற்ற ரெண்டையும் திரும்பப் போடச் சொன்னவர். ஆர்ஆர் நம்பரோட பதிவுத் தபாலில போட்டாச்சு. நன்றி.

வெள்ளவத்தை_வயர் | 9.40
நல்லது. ஃபோர்வேட்டை எடுத்தனீங்களா, அடி வரியை நிப்பாட்டினவையா? பின்னுக்கு வாற ஆக்களுக்கு உதவும்.

தெமட்டகொட_பிரவுசர் | திங்கள் இரவு 8.03
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா ஹொட்மெயில். போர்ட் 25ஆ இருக்குமோ?