லாஜ்பத் நகரில் ஓர் ஆப்கன் தையல்காரி

அகதிப் பெண்களுக்கான தொழில் பயிற்சி ஒன்றில் வழிகாட்டி என்று என் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய ஆப்கன் பெண்ணுக்குத் தையலில் நான் சொல்லித்தர ஒன்றுமே இல்லை என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிட்டது. நான் டெல்லி ஓக்லாவில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது விலைக் கணக்கும் டெலிவரி தேதியும். அவளுக்குத் தாய்வழி காந்தஹார். அந்த ஊரின் கமக் எம்பிராய்டரி கையோடு வந்தது. துணியில் கோடு வரைவதில்லை; இழைகளை எண்ணி எண்ணிப் பட்டு நூலால் போடுகிறாள். மாப்பிள்ளைச் சட்டையின் மார்புப் பகுதி ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

டெல்லி லாஜ்பத் நகரில், ஆப்கன் ரொட்டிக் கடைகளும் தாரி (ஆப்கானியப் பாரசீகம்) மொழிப் பலகைகளும் நிறைந்த பகுதியில், ஒற்றை அறையில் அவளுக்குக் குடியிருப்பும் தொழிலும். அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? நோயாளிகளின் உறவினர்கள்! காபூலிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்குவார்கள்; ஊர் திரும்பும்போது கல்யாணத்துக்கென்று ஆடை தைத்துக்கொண்டு போவார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. ஆப்கானியர்களுக்கு அதுவரை கொடுத்திருந்த விசாக்களை இந்தியா செல்லாதவையாக்கியது. அவளுடைய வியாபாரமும் அதோடு படுத்துவிட்டது.

மிச்சமிருந்தவர்கள் டெல்லியிலேயே வாழும் ஆப்கன் குடும்பங்களும் அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெண்களும்தான். பின்னவர்களுக்கு வேண்டியது சல்வார், புடவைக்கு ஃபால் (உள்விளிம்புப் பட்டி), துப்பட்டாவுக்கு பிகோ (ஓரத் தையல்). "இதற்கா காலா நான் தையல் கற்றேன்?" என்று அலுத்துக்கொண்டாள். (காலா என்றால் சித்தி; சின்னத்திரை தயவில் அவளுடைய ஹிந்தி என்னுடையதைவிடச் சரளம்.) கல்யாண உடுப்பு பெயர் வாங்கித் தரும், வாடகையை ஃபாலும் பிகோவும்தான் கட்டும் என்றேன். முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் மறுவாரம் பிகோ நூல்கண்டுகள் வாங்கி வைத்திருந்தாள்.

பெரிய சிக்கல் விலை சொல்வதில் இருந்தது. கண்ணாடி பதித்த வெல்வெட் கவுன் ஒன்று. பாவாடை மட்டுமே பல மீட்டர் துணியை விழுங்கும். பழைய டெல்லி கினாரி பஜாரில் வாங்கிய லேஸையும் சேர்த்துச் செலவு 3,800 ரூபாய். அவள் வாங்கியது 4,500. பத்து நாள் உழைப்புக்கு 700 ரூபாய். கேட்டால், வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டார்கள், விருந்தாளியிடம் எப்படிக் கூலி பேசுவது என்றாள். அவர்களுடைய மரியாதை அப்படி. அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. விலையை அட்டையில் எழுதி மாட்டச் சொன்னேன்: தாரியிலும் ஹிந்தியிலும், பாதிப் பணம் முன்கூட்டியே என்ற வரியோடு. அதன்பின் அவள் வாய் திறந்து விலை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டையே பேசியது; அவள் தேநீர் ஊற்றினாள்.

பயிற்சிக்காரர்கள் கொடுத்த படிவத்தில் 'விரிவாக்கத் திட்டம்' என்று ஒரு கட்டம் உண்டு. எரிச்சல் வந்தது எனக்கு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இவளிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை மட்டும், ஆதார் கிடையாது. நானும் கூடப் போன வங்கிக் கிளையில் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவிட்டார்கள். கணக்கே இல்லாதபோது கடனை எங்கே கேட்பது? வாடிக்கையாளர் கைபேசியில் அனுப்பும் பணம் தெரிந்த ஒருவரின் கணக்குக்குப் போய்த்தான் அவளிடம் வருகிறது.

இதற்கு மேல் வேறொரு நாட்டில் குடியேறுவதற்கான காத்திருப்பு. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கலாமே என்றால், "ஃபைல் நகர்ந்துவிட்டால்?" என்பாள். கடைசியில் வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். பழைய மெஷின் ஒன்றை வாங்கினாள்; நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ரசீதிலேயே கடைக்காரரை எழுதவைத்தாள். ஏற்றுமதித் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஓர் ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

மறுமொழி, திருப்பூரிலிருந்து:

அம்மா, எங்கள் பக்கம் வீட்டிலிருந்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களிடமும் இதே கதைதான். ஊசி, நூல், கரண்ட் செலவை எழுதுகிறார்கள். தன் நேரத்தை எழுதுவதில்லை. என் தங்கைக்கு மணிக் கணக்கு எழுதப் பழக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஒரு சந்தேகம்: அந்தக் கமக் வேலையை பூட்டிக் (டிசைனர் ஆடை) கடைகளுக்குக் கொடுக்கலாமே? நல்ல விலை போகுமே?

என் பதில்:

கேட்டுப் பார்த்தோம் தம்பி. சரக்கை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் பணம் என்றார்கள். மாத வாடகை கட்டுகிறவளுக்கு அது ஒத்துவராது. வேலையில்லாத நாட்களில் கழுத்துப் பட்டி, கைப்பட்டி என்று சின்னச் சின்னத் துண்டுகளாகப் போட்டு வைக்கிறாள். சல்வார் தைக்க வரும் பஞ்சாபிப் பெண்கள் பெட்டியைக் கிளறிப் பிடித்ததை எடுத்துக் கொடுத்தால், அதைக் குர்தாவில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறாள். துண்டுக்குத் தனி விலை, தையலுக்குத் தனிக் கூலி. இரண்டும் அட்டையில் இருக்கின்றன.