கலைச்சொல் வேண்டும்: நடக்காத வரலாற்றில் நடக்கும் தன்பாற்காதல்

உப்புவெளி, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நான் மொழிபெயர்க்கும் நாவல் 1810களின் இங்கிலாந்தில் நடக்கிறது. ஆனால் அந்த இங்கிலாந்தில் ஆணும் ஆணும் ஊரறிய மணம் முடிக்கலாம். பின்னட்டைக்கு வகைப்பெயர் வேண்டும், அச்சகம் வெள்ளிக்கிழமை கேட்கிறது. 'வரலாற்றுக் காதல் நாவல்' என்று மட்டும் போட மனம் வரவில்லை. உண்மையில் 1835இல்கூட ஆணும் ஆணும் கூடியதற்காக இரண்டு பேரை லண்டனில் தூக்கிலிட்டார்கள். அதற்கான மரண தண்டனை 1861இல்தான் நீங்கியது. 'மாற்று வரலாற்றுத் தன்பாற்காதல் நாவல்' சரியா?

திருகோணமலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தங்கச்சி, தன்பாற்காதல் நல்ல சொல். 'ஓரினச்சேர்க்கை' வேண்டவே வேண்டாம். அது அன்பை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பிடிக்கிறது. என் சிக்கல் 'மாற்று'. மாற்று வரலாறு என்றால் மாணவர்களுக்கு விளிம்புநிலை மக்களின் வரலாறு. அது நடந்தது, எழுதப்படாமல் போனது. உங்கள் நாவலில் வருவது நடக்காதது. அதோடு பொன்னுக்கும் மாற்று, நஞ்சுக்கும் மாற்று என்று அந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம். 'வேற்றுவரலாறு' என்போம். காதலுக்கும் நம்மிடமே சொல் உண்டு. தொல்காப்பிய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அகத்தை 'ஒத்த அன்பான் ஒருவனும் ஒருத்தியும்' கூடுவது என்றார். 'ஒருத்தி'யை எடுத்துவிட்டாலும் ஒத்த அன்பு நிற்கிறதே! 'வேற்றுவரலாற்று ஒத்தன்பு நாவல்'.

மூதூர், நூலகர்:
சேர், ஒத்த + அன்பு 'ஒத்தவன்பு' ஆகும். இரண்டு உயிரெழுத்துகளை இணைக்கும் வகர உடம்படுமெய் எங்கே போனது? தமிழ்நாட்டு வாசகர் 'ஒத்த' என்றதும் 'ஒற்றை' என்று எடுப்பார், கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல், ஆகிவிடும். 'வேற்று' என்றால் பிள்ளைகள் வேற்றுக்கிரகம் என்பார்கள்.

கிண்ணியா:
சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன், புலவர் பிசிராந்தையார் இருக்க உரையாசிரியரிடம் ஏன் போகவேண்டும்? காணாமலே பழகி, ஒருவருக்காக மற்றவர் வடக்கிருந்து, உண்ணாமல் உயிர்விட்டாரே. 'ஆந்தைக்காதல்' என்றால் என்ன?

மூதூர், நூலகர்:
'புணர்ச்சி பழகுதல் வேண்டா' குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் அந்த உதாரணம் நட்பதிகாரத்தில் இருக்கிறது. நட்பை நட்பாகவே விடுங்கள். அட்டையில் பறவை ஆந்தைதான் தெரியும்.

நிலாவெளி, பல்கலைக்கழக மாணவன்:
இந்தப் புத்தகத்தை வாங்கப்போவது என்னைப் போன்றவர்கள். தன்பாற்காதலைக் குற்றமாக்கும், 1883இல் பிரித்தானியர் தந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வாழ்கிறோம். 1995இல் பெண்களையும் அந்தக் குற்றத்துக்குள் சேர்த்தார்கள். அதைக் குற்றமல்ல என்றாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. கடையில் தேடும்போது எங்களுக்குப் புரிகிற சொல் தன்பாற்காதல். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். முன்பாதி எதுவானாலும் சரி.

உப்புவெளி, மொழிபெயர்ப்பாளர்:
தம்பி சொன்னபடி பின்பாதி முடிந்தது. முன்பாதிக்கு 'வேற்று'வும் குழப்பும் என்று மூதூர் சொல்வதால் 'மாற்று' என்றே அனுப்புகிறேன். நடக்காத வரலாறு என்பதை முன்னுரையில் விளக்கிவிடுகிறேன்.

திருகோணமலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் விளக்கம் தேவைப்படும் சொல் இன்னும் கலைச்சொல் ஆகவில்லை. அடுத்த பதிப்புக்கு 'வேற்றுவரலாறு' என்றே மீண்டும் எழுதுவேன். அப்புறம், உடம்படுமெய் பற்றி மூதூருக்குத் தனியே பதில் எழுதுகிறேன்.